ஒருமனதாக நிறைவேறியது

பிப்ரவரி 11, செவ்வாய்

மாவட்ட மன்றக் கூட்டம். மின்விசிறி ஓடவில்லை, வாய்கள் ஓடின. ஒரு சந்தைக் கட்டடத்துக்காகக் காலை முழுக்கக் கத்தித் தீர்த்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் தலைவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். ஆறு தடவை ஜெயித்த மூத்த உறுப்பினர் என்பதற்கு இங்கே எனக்கிருக்கும் ஒரே மரியாதை அது: எழுந்து நின்று, "நிகழ்ச்சி நிரலில் மீதியுள்ள பொருள்களை மொத்தமாக ஏற்கலாம்" என்று முன்மொழிவது. மொழிந்தேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நிருபர்கள் அதற்கு முன்பே சாப்பிடப் போயிருந்தார்கள்.

"இன்னைக்கு என்ன சாதிச்சீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"எல்லாரையும் நேரத்துக்குச் சாப்பிட வச்சேன்."

"அதை நான் தினமும்தான் பண்றேன். எனக்கு எவன் ஓட்டுப் போட்டான்?"

பிப்ரவரி 20, வியாழன்

தேர்தல் சட்டைகளுக்கு அளவு கொடுத்தேன். தையல்காரர் என் முதல் தேர்தலில் பசை வாளி தூக்கியவர். இன்றுவரை எனக்கு வாக்குச்சாவடியில் முகவராக உட்காருபவரும் அவர்தான். "அண்ணே, ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்க கழுத்து ஒரு சுற்று பெருக்குது" என்று சிரித்தார். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரும்மா என்றேன். "பெரியப்பா, பொண்ணாப் பிறந்தா நீங்கதான் பேர் வைக்கணும்" என்றாள். மனது நிறைந்து வந்தேன்.

மார்ச் 3, திங்கள்

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தின் செவிலி காலையிலேயே ஓடிவந்தார். மாதக் கடைசியோடு பிரசவ அறையை மூடுகிறார்களாம், ஆட்களைத் தலைமை மருத்துவமனைக்கு மாற்றுகிறார்களாம். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். எனக்கு வந்ததே கோபம்! "எந்த மடையன் இதுக்குச் சம்மதிச்சான்? என்னைத் தாண்டி மூடட்டும் பார்க்கலாம்!" என்று கர்ஜித்தேன். கைதட்டினார்கள். தையல்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

அந்த மடையன் நான்தான்.

மன்றச் செயலாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பிப்ரவரி கூட்டம், இருபத்தெட்டாம் பொருள்: பிரசவ அறை மூடல். ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் பெயர் என் பெயர். கூட்டத்துக்கு முன் வீட்டுக்கு வந்த நிகழ்ச்சி நிரல் கட்டு, பிரிக்காத உறையோடு இன்னும் காரின் பின்சீட்டில் கிடக்கிறது. எத்தனை வருஷமாக இப்படிப் பிரிக்காமலே போய்வந்திருக்கிறேன்? அந்த மொத்தத்துக்குள் இன்னும் யார் யார் அடுப்பில் தண்ணீர் ஊற்றினேனோ.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "அட பாவி மனுஷா" என்றாள், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

வழி இருக்கிறது. நிறைவேறிய தீர்மானத்தை ஒரு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. ஆனால் முன்மொழிந்தவரே மன்றத்தில் எழுந்து, தவறாக மொழிந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பக் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். விதியில் இருக்கிறதாம். "ஒரு நிமிஷ வேலைங்கய்யா" என்றார் செயலாளர்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மே மாதம் தேர்தல். ஊர்ச் சுவரெல்லாம் என் படம், அடியில் "எப்போதும் விழிப்புடன்".

மார்ச் 13, வியாழன்

பிரசவ அறையைக் காக்க ஊர்வலம். முன்வரிசையில் நான். ஒலிபெருக்கியில் என் தீர்மானத்தை நானே கிழிகிழியென்று கிழித்தேன். இவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கூட்டம். எழுந்தேன். எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். நிருபர்கள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த உறுப்பினன். இந்தத் தடவை என்னை எதிர்த்து நிற்கப் போகிறவன் அவன்தான். அன்றைக்கு அவனும் மேசையைத் தட்டியவன், அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு இரண்டு விளக்குக் கம்பம் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

விளக்குக் கம்பம்! த்தூ.

வெளியே காத்திருந்தவர்களிடம், "போராடிக்கிட்டு இருக்கேன், அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்றேன். தையல்காரர் எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். குடித்தேன். வெட்கமில்லாமல் அதையும் குடித்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பூட்டிவிட்டார்கள். செவிலியை அனுப்பிவிட்டார்கள்.

இன்னும் இரண்டு வாரம்தானே, அடுத்த கூட்டத்தில் கட்டாயம் சொல்லிவிடுவேன். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது.

ஏப்ரல் 9, புதன்

காலையில் தையல்காரர் ஃபோன் செய்தார். மகளுக்கு வலி கண்டுவிட்டது, நாள் இன்னும் இருக்கும்போதே. என் காரை அனுப்பினேன். தலைமை மருத்துவமனைக்குப் போகும் வழியில், பாலத்து நெரிசலில், காருக்குள்ளேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. மூச்சுக்குத் திணறியிருக்கிறது. என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் யாரும் அந்தக் காரில் இல்லை. மருத்துவமனை வாசலில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள்.

தாய் பிழைத்துக்கொண்டாள். போய்ப் பார்த்தேன். தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டி இல்லேன்னா இவளும் போயிருப்பாண்ணே" என்று அழுதார்.

பிள்ளை செத்தது என் வாயால. அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்றாரு. நான் கையை இழுத்துக்கக்கூட இல்லை.

ஏப்ரல் 10

எழுத வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கிளம்பும்போது வீட்டுக்காரி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "சொல்லிட்டு வாங்க. ஊரே காறித் துப்பினாலும் இங்கதானே வரப் போறீங்க."

சொன்னேன். நான்தான் முன்மொழிந்தேன், படிக்கவில்லை, பசி அவசரம், போன கூட்டத்திலேயே திரும்பக் கேட்டிருக்க வேண்டும், பயந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் நிருபர்கள் முன்னால் சொன்னேன். தீர்மானம் ரத்து. பிரசவ அறை திறக்கப்படும். துப்பு வாங்கத் தயாராகத்தான் வெளியே வந்தேன். யாரோ என்னைத் தோளில் தூக்க வந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இப்போது புரிகிறது. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை!

டீக்கடைக்காரர் விளக்கினார். "மொழிஞ்சவரே தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் ரத்து பண்ண முடியுமாமே. நிஜமா மொழிஞ்சவன் எவனோ வாயத் திறக்கல. நீங்க பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. எங்களுக்குத் தெரியாதா?"

"யோவ், நிஜமாவே நான்தான்யா."

"பாருங்க, இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாரு!" கடையே கண் கலங்கியது.

கறுப்புக் கண்ணாடி கடைத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினானாம்: "அந்த ஆள் ஆயுசுல முதல் தடவையா உண்மை பேசியிருக்கான், அதைக்கூட நம்ப மாட்டீங்களா?" பொறாமை பிடித்தவன் என்று விரட்டிவிட்டார்கள். பாவம், அவன் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தையல்காரரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம். ஒன்றுவிடாமல் சொன்னேன், விளக்குக் கம்பம் உட்பட. அவர் சிரிக்கவில்லை, பெரிய மனசு என்று சொல்லவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அறை மூடியிருக்க மாட்டாங்க, இல்லண்ணே?"

"ஆமாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். "எம்புள்ளை போனதாலதான் பெரியப்பா துணிஞ்சாரு, இனி யாருக்கும் இப்படி ஆகாதுன்னு சொல்லித்தான் அவ எழுந்து சாப்பிடறா. அதையும் புடுங்கிடாதீங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? தேர்தலில் இருந்து விலகிவிடுகிறேன் என்றேன். "விலகினா ஏன்னு கேப்பா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

மே 19, திங்கள்

ஜெயித்துவிட்டேன். இதுவரை இல்லாத வாக்கு வித்தியாசம். வாக்குச்சாவடியில் தையல்காரர் இடத்தில் எனக்கு வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

பிரசவ அறை திறப்பு விழா. கதவுக்கு மேலே என் பெயரைப் போட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அடக்கம் என்றார்கள். நாடாவை வெட்டத் தையல்காரர் மகளைக் கூப்பிட்டிருந்தார்கள். இளைத்துப் போயிருந்தாள். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, "நீங்க வெட்டுங்க பெரியப்பா, நீங்க இல்லேன்னா இந்தக் கதவு ஏது" என்றாள். வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார்.

"என்னப்பா சும்மா நிக்கிறீங்க? கைதட்டுங்க."

தட்டினார்.