நாலு ஸ்டார் பிஸ்கட்

அன்பு மகளுக்கு, அண்ணன் பெற்றாலும் உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பா எழுதுவது. நான் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். உன் சித்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், பயப்படாதே. போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். தின்பண்டப் பாக்கெட்டில் உடம்புக்கு எது நல்லது என்று ஸ்டார் போட ஆரம்பித்தபோதே, இது ஒருநாள் யாரையாவது படுக்க வைக்கும் என்று கடைத்தெருவே நடுங்க முழங்கினேன். படுக்கப்போவது நம் வீட்டு ஆள் என்பதுதான் தெரியாமல் போச்சு. சர்க்கரை வந்ததிலிருந்து சித்தி வாயைக் கட்டித்தான் இருந்தாள், பாவமாக இருந்ததால் நாலு ஸ்டார் பிஸ்கட் வாங்கிவந்தேன். பின்னாடி பொடி எழுத்தில் சர்க்கரை எவ்வளவு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்களேன் என்றாள். கண்ணாடியை யார் தேடுவது? ஊரில் பாதி ஃப்ரிட்ஜுக்கு வைத்தியம் பார்த்தவனுக்கு ஸ்டார் பாடமா, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். நம்பிச் சாப்பிட்டாள், டீக்கு டீ, பாக்கெட் பாக்கெட்டாக. இன்று காலை தண்ணீர் தண்ணீர் என்றவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். சர்க்கரை தாறுமாறாக ஏறிவிட்டதாம். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன்.

இங்கே நர்ஸ் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, ஐயா, பிஸ்கட்டுக்குள்ளே எது தேவலை என்று சொல்லத்தான் இந்த ஸ்டார், சர்க்கரைக்காரங்களுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு இல்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அஞ்சு ஸ்டார் பெரிய ஃப்ரிட்ஜ், மூணு ஸ்டார் குட்டி ஃப்ரிட்ஜைவிட அதிகக் கரண்ட் குடிக்கும், ஒரே அளவோடுதான் ஒப்பிடணும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான்தானே? நல்லவேளை, பெரிய டாக்டரே என் தோளில் தட்டி, நீங்க தூக்கிவந்த வேகத்துக்கு மெடலே கொடுக்கலாம், நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போங்க என்றார். அதனால் லீவு கேட்டு அலையாதே.

நீயும் வேலை முடிந்து பாக்கெட்டிலேயே வயிற்றை நிரப்புகிறவள். ஸ்டார் பார்த்து வாங்கு, ஆனால் பாக்கெட்டைத் திருப்பிச் சர்க்கரை, உப்பையும் பார்த்து வாங்கு. ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

டாக்டர் சொன்னதாக எழுதினேனே, அது நானே சேர்த்தது. உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. சித்தி கண்ணைத் திறக்கவில்லை. நீ கிளம்பி வா அம்மா.