கேட்காமல் போட்ட மூன்று மதிப்பெண்

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ எனக்கு ஓர் அநியாயம் செய்துவிட்டாய். பதினேழு மதிப்பெண் வாங்க வேண்டிய என்னை இருபது வாங்க வைத்தாய். இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். கடல் தாண்டி இருந்துகொண்டு என் டீச்சருக்கு ஃபோன் போடத் தெம்பு இருப்பதால் நீயும் நன்றாகவே இருப்பாய்.

உன் ஆபீஸ் பத்திரிகையில் நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பாமல், அப்பாவுக்குப் புரியட்டும் என்று ஒரு பக்கமாகச் சுருக்கித் தமிழில் அனுப்பினாயே, அந்தக் கோபத்தில்தான் நூலகத்து மாடியில் நடக்கும் மாலை இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். போன மாதம் தேர்வு. இருபது வாக்கியம், ஒவ்வொன்றும் தனி வாக்கியமா, தொடர் வாக்கியமா, கலவை வாக்கியமா, இல்லை தொடரும் கலவையும் சேர்ந்த நாலாவது வகையா என்று எழுத வேண்டும். கடைசி மூன்றுக்கு விடை தெரியாமல் காலியாக விட்டேன். தாள் திரும்பி வந்தால் காலி இடத்துக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் சரிக்குறி. நாற்பத்தாறு வருஷம் துணி வெட்டியவன், துணியே இல்லாமல் தைத்த சட்டையைக் காட்டினால் எனக்குத் தெரியாதா. விடாமல் கேட்டதில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, உங்க பொண்ணுதான் ஐயா பேசினாங்க, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, மார்க் குறைஞ்சா மனசு விட்டுடுவாரு, கொஞ்சம் பார்த்துப் போடுங்கன்னு சொன்னாங்க என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் யாரும் எனக்கு எதையும் பார்த்துப் போட்டதில்லை. தையலைக்கூடப் பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றேன். மறுபடி தேர்வு வையுங்கள், அதுவரை இறங்க மாட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வந்து, மார்க் வேணும்னு சண்டை போடறவங்களைப் பார்த்திருக்கேன், வேணாம்னு சண்டை போடற மனுஷனை இப்பதான் பார்க்கறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வாரம் கழித்து மறுதேர்வு என்று டீச்சர் ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க மேசையில் எந்தத் துணி கிடந்ததோ அதிலேயே சாக்பீஸால் எழுதிப் பழகினேன். அதில் ஒரு கூத்து. கண்டக்டர் பேன்ட்டின் உள்பக்கம் 'மழை நின்றதும்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தவன், யாரோ கூப்பிட, அழிக்க மறந்து தைக்கக் கொடுத்துவிட்டேன், பேன்ட் அப்படியே அவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் கடைக்கு வந்து, மாஸ்டர், மழை நின்னதும் என்ன ஆச்சு, மீதியைச் சொல்லாம விட்டுட்டீங்களே, வீட்ல பசங்க உசுரை வாங்கறாங்க என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. மீதியைக் கேட்க வைக்கிற அந்தத் துண்டு சட்டைப்பை மாதிரி, தனியாகத் தொங்காது, அதைத் தாங்க ஒரு சட்டை வேண்டும். வெறும் சட்டை என்றால் தனி வாக்கியம். சட்டையும் பேன்ட்டும் தொடர், இரண்டும் தனித்தனியே நிற்கும். பை வைத்த சட்டை கலவை. அதோடு பேன்ட்டும் சேர்ந்தால் நாலாவது வகை. ஆறு வாரமாக டீச்சர் சொன்னதைக் கண்டக்டர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

நேற்று மறுதேர்வு, புது வாக்கியங்கள். இருபதுக்குப் பதினெட்டு. வகுப்பே கை தட்டியது, உன் அம்மா வாசலில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். போன இரண்டில் ஒன்று என் அவசரம். இன்னொன்று, தையல்காரர் துணியை வெட்டித் தைத்தார் என்பது. நடுவில் 'அண்ட்' இருந்ததால் தொடர் என்று எழுதினேன். ஆள் ஒருத்தர்தானே ஐயா, வேலைதானே ரெண்டு, அதனால தனி வாக்கியம் என்றார் டீச்சர். எங்கள் கடையில் வெட்டுவது நான், தைப்பது வேறு ஆள் என்றேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குளிரில் திறந்த கழுத்தோடு அலையாதே. உடம்பும் மனசும் தெம்பாக, எடுத்த வேலையெல்லாம் கைகூடி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். டீச்சர் பழைய தாளில் இருபதை அடித்துப் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா புதுத் தாளைக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். கண்டக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மழைக் கதையின் மீதியை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ டீச்சருக்கு ஃபோன் போட்டு, வயசாயிடுச்சு என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்தக் கட்டுரை முழுவதையும், ஒரு வரி சுருக்காமல், இங்கிலீஷிலேயே எனக்கு அனுப்ப வேண்டும்.

பதினெட்டு வாங்கிய
உன் அப்பா