இயந்திரம் நின்றிருந்த பத்து நிமிடம்

அன்புள்ள பிரீத்திகாவுக்கு,

1. விருதுநகரில் வழக்கறிஞராகத் தொழில் புரியும் உன் அப்பாவாகிய நான், முழு நினைவோடு எழுதுவது.

2. அம்மாவின் கட்டிலருகே இருந்த காற்று சுத்திகரிக்கும் இயந்திரத்தைச் செவிலியர் சினேகா நிறுத்தியதால்தான் நுரையீரலில் தொற்று ஏற்பட்டு அம்மா இறந்தாள் என்று நீ மருத்துவமனைக்குப் புகார் அனுப்பியிருக்கிறாய். அவர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவின் குரல் மிகவும் மெலிந்துவிட்டது. இயந்திரத்தின் இரைச்சலில் அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. ஆகவே மாலைதோறும் பத்து நிமிடம் அதை நிறுத்தி வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் பட்டாசு ஆலைத் தொழிலாளி ஊர்க்காவலன் இருமிக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் நிப்பாட்டிட்டீகளா அண்ணாச்சி? அவுக இருமுறது அம்புட்டும் அக்காவுக்குத்தான் வரும்!” என்று கடிந்துகொண்டே சினேகா அதை ஓடவிடுவார்.

தொற்று அதனால்தான் வந்தது என்று நிரூபிக்க என்னால் இயலாது. மறுக்கவும் இயலாது.

அம்மா அப்படி என்னதான் சொன்னாள் என்று நீ கேட்பாய். எல்லா நாளும் ஒன்றுதான்: “சாப்பிட்டீகளா?”

உன் புகாரால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். அதைத் திரும்பப் பெற்றுக்கொள். ஒரு பெயர் வேண்டுமெனில், என் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா

சாட்சிகள்:
1. ஊர்க்காவலன், பக்கத்துக் கட்டில்
2. உன் அம்மா