மெட்ராஸ் போய்க் குடித்த காப்பி

உன் கறுப்புப் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. பம்பாய் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரி அடியில் கிடைத்ததாம். "உங்க அண்ணன் பொருளு, உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று அண்ணி பார்சலில் அனுப்பிவிட்டார். திறந்ததும் அந்த வாசம் வந்தது. விமானத்தில் முகம் துடைக்கக் கொடுப்பார்களே, எலுமிச்சை வாசனை போட்ட ஈரக் காகிதம், சின்ன உறைக்குள் மடித்து வைத்தது. அதை ஒரு கை கொள்ளாத அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தாய். காகிதமெல்லாம் சருகாகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. வேறு தங்கச்சியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். எனக்குப் பழைய கோபம் அப்படியே தலைக்கு ஏறியது.

கூடவே உன் தங்க நிற அட்டையும் இருந்தது. எழுத்துகள் தடவினால் கையில் படும்படி புடைத்து நிற்கிற அட்டை. அதில் உன் பெயருக்கு முன்னால் திருவாளர் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்காக நீ என்னவெல்லாம் செய்தாய் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். நம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் மேயவந்த ஆட்டைக்கூட 'போங்க' என்று விரட்டுகிறவர்கள் உண்டு. இந்த மடலில் அந்த மரியாதை கிடையாது. 'அன்புள்ள அண்ணா' என்று எழுதத் தொடங்கி அதையும் அடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் தனியார் விமானங்கள் கோயமுத்தூருக்கு வரத் தொடங்கிய சமயம் அது. நீ பம்புசெட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. கம்பெனி செலவில் முதல் தடவை பம்பாய்க்குப் பறந்துவிட்டு, பீளமேடு விமான நிலையத்திலிருந்து நேராகத் தொண்டாமுத்தூருக்கு வந்தாய். அப்பா அப்போதும் அங்கே ஒரு தென்னந்தோப்பில் கூலிக்காரர். தோட்டத்து வீட்டில் அவருக்குக் காப்பி என்றால் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றுவார்கள் என்று இருந்த காலம் போய், தனி டம்ளர் என்று ஆகியிருந்தது. அதையும் அவரே கழுவிக் கூரையில் செருக வேண்டும். அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, பிளேன்ல எல்லாத்துக்கும் ஒரே டம்ளருங்களா?"

நீ சிரித்தாய். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டம்ளர்தானுங்கப்பா. குடிச்சுப்போட்டு அப்படியே வெச்சுட்டா அங்க வேலை செய்யற புள்ளையே வந்து எடுத்துக்கும்."

அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் உன்மேல் எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறுக்கமாட்டேன்.

அதோடு விட்டிருந்தால் சரி. ஒரு வருஷத்தில் இத்தனை தடவை பறந்தால் வெள்ளி அட்டை, இன்னும் பறந்தால் தங்க அட்டை, அடுத்த வருஷமும் அதே அளவு பறக்காவிட்டால் அட்டையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு திட்டம் வந்தது. தங்க அட்டைக்காரனுக்குத் தனி வரிசை. அவன் பெட்டி முதலில் வரும். கவுண்டரில் இருக்கிற பெண் எழுந்து பெயர் சொல்லி வணக்கம் சொல்லுவாள். உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காந்திபுரத்தில் சாயங்காலம் பஸ் ஏறினால் விடிகாலையில் பெங்களூரில் இறங்கிவிடலாம். நீ மெட்ராஸ் போய், அங்கே விமானம் மாறி, பெங்களூர் போவாய். இரண்டு பயணமாகக் கணக்காகுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட டை கட்டிக்கொண்டு கிளம்பினாய். கம்பெனி செலவில் போகிற பயணங்கள் போதாமல் கைக்காசு போட்டுப் பறந்தாய். அண்ணி அதெல்லாம் ஆபீஸ் வேலை என்று நம்பினார். நாங்களும் நம்பினோம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் என் மகள் சுகன்யாவுக்கு இந்த வாசனைக் காகிதம் கொண்டுவருவாய். அவள் உறையைப் பிரிக்கவே மாட்டாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்ப்பாள். "மாமா வாசம்" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே தாய்மாமன் நீ.

அவளுக்கு ஐந்து வயதில் காதுகுத்து வைத்தோம். மதுக்கரைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், என் புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயிலில். அவர்களும் நம் சாதிசனம்தான், ஆனால் மாமனார் காலத்திலிருந்தே சிமெண்டு ஆலையில் நிரந்தர வேலை. தோட்டக்கூலி வீட்டிலிருந்து பெண் எடுத்துவிட்டோம் என்பது அவர்கள் பேச்சில் எப்போதும் ஒரு ஓரமாக இருக்கும். அவர்கள் முன்னால் நிறுத்தி, இதுதான் என் பிறந்த வீடு என்று நான் காட்ட முடிந்தது உன்னைத்தான். மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் சீராகக் கொண்டுவந்த கம்மலைப் போட்டுக் காது குத்துவது முறை. அந்த ஒரு காலைப்பொழுதுக்கு நீ வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

முந்தின நாள் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "காலைல மெட்ராஸ் ஒரு எட்டு போயிட்டு, நேரா கோயலுக்கு வந்தர்றேன் அம்மணி. கம்மலு எங்கிட்டவே இருக்கட்டும்."

கம்மல் உன் பெட்டியில் ஏறி மெட்ராஸ் போனது. பந்தலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மொட்டையடித்து, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டிய சுகன்யா கோயில் படியில் நின்றுகொண்டு ரோட்டையே பார்த்தாள். "மாமா வர்ற வரைக்கும் சித்த உக்காரு கண்ணு" என்று யார் கூப்பிட்டாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேலிக்கு அப்பால் கார் வருவது தெரியாது என்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் மாமியார் அப்பாவிடம் வந்தார். "ஏனுங்க சம்பந்தி, உங்க பையன் வருவாருங்களா, மாட்டாருங்களா? நல்ல நேரம் முடியப்போகுதுங்க."

அப்பா வாய் திறப்பதற்குள் நான்தான் முந்திக்கொண்டேன். "அவசர ஆர்டருங்கத்தே. மொதலாளியே கூப்பிட்டுப் போகச் சொல்லீட்டாருங்க. அவரு போகாம அங்க ஆகாதுங்க." நீ என்னிடம் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் மருமகளின் காதுகுத்து நாளில் ஒரு மனிதன் வேறு எதற்கு மெட்ராஸ் போவான்? நான் கோயில் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

கடைசியில் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எம்பையனுக்குப் பதிலா நானே உக்காந்துக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சம்பந்தி வீட்டார் முன்னால் கும்பிட்டார். தோட்டத்துக்காரர் முன்னால் நிற்கிற அதே நிற்பு. அதைப் பார்த்ததும் என் மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போடுவதற்குக் கம்மல் இல்லை. என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். காது குத்த வந்த ஆசாரி அதை விரலில் உருட்டிப் பார்த்தார். "காம்பு தடிப்புங்க அம்மணி. கொழந்தை தாங்காதுங்க." நல்ல நேரம் தாண்டிவிடும் என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். சுகன்யா அப்பாவின் மடியில் உட்கார்ந்து "மாமா வரட்டும், மாமா வரட்டும்" என்றுதான் கத்தினாள். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாடகைக் காரில் வந்து இறங்கினாய். டை, கையில் பெட்டி, பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனியின் அட்டை தொங்குகிறது. "வந்துட்டனுங்க, வந்துட்டேன். பிளேனு லேட்டாயிருச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். என் கணவரின் பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"மெட்ராஸ்ல ஆர்டரு நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"ஆர்டரா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்த வருசத்துக்கு ஒரு டிரிப்பு கொறஞ்சுது. அது இல்லீன்னா கோல்டு கார்டு போயிருமுங்க. எறங்கி, ஒரு காப்பி குடிச்சுப்போட்டு, அதே பிளேன்ல ஏறி வந்துட்டனுங்க."

பொய் சொல்லியிருக்கலாம் நீ. அன்றைக்குப் பொய் சொல்லியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். பெருமையாகச் சொன்னாய். அட்டையை எடுத்து அவருக்குக் காட்டவும் காட்டினாய். அவர் சாதம் பிசைந்த கையோடு அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பந்தியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு இலையாகப் போனது. அப்பா அப்போதும் இடுப்புத் துண்டை அவிழ்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கம்மல் பெட்டியை என் கையில் வைத்தாய். "கொண்டு போயிருங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

என் புகுந்த வீட்டில் இன்றைக்கும் ஒருவன் வேலையில்லாமல் எங்காவது சுற்றிவிட்டு வந்தால், "மெட்ராஸ் போயி காப்பி குடிச்சுட்டு வந்துட்டானாட்ட இருக்குது" என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் சொல்கின்றன. எங்கிருந்து வந்த பேச்சு என்று அவற்றுக்குத் தெரியாது. நான் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

காதுகுத்து முடிந்த அடுத்த வாரம் என் வீட்டுக்குச் சமாதானம் பேச வந்தாய். சுகன்யாவின் இடது காது வீங்கிச் சீழ் வைத்திருந்தது. அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாய்.

"அந்தத் தோட்டத்துல பொடிப்பையன்கூட அப்பனை வாடா போடான்னுதான் கூப்பிட்டான். நா அதப் பாத்துட்டே வளந்தவன் அம்மணி. ஏர்போர்ட்டுல ஒரு புள்ள எந்திரிச்சு நின்னு, எம்பேரச் சொல்லி 'வாங்க சார்'ங்குது. நா எந்த ஊரு, எந்தத் தெருவுன்னு அதுக்குத் தெரியாது. அது போயிருச்சுன்னா எனக்கு என்னமோ போயிட்ட மாதிரி இருக்குது."

எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? அதே தெருவில் பிறந்தவள்தானே நானும். புரிந்ததால்தான் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு அங்க ஒரு புள்ள எந்திரிச்சு நிக்குது. இங்க அப்பா இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு நின்னாருங்கண்ணா. யாரு நிக்கவெச்சதுங்க? உங்க மருமகளும் நின்னுட்டேதான் இருந்தா" என்றேன்.

காப்பி கொண்டுவந்தேன், குடிக்காமல் எழுந்து போய்விட்டாய். திருந்தியிருப்பாய் என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் அட்டையைக் காப்பாற்றிக்கொண்டாய் என்று அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. பிறகு பதவி உயர்வு வாங்கிக்கொண்டு பம்பாய்க்கே போய்விட்டாய். அப்பா செத்ததற்கு வந்தாய், நேரத்துக்கு வந்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன். சுகன்யாவின் இடது காதுத் துளை கிழிந்து நீண்டுவிட்டது. எந்தக் கம்மல் போட்டாலும் ஒரு பக்கம் சரிந்து தொங்கும். அவள் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன்னை மாமா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. அவளுடைய அந்த நல்ல குணம் எனக்குப் பிடிக்காது.

நேற்று உன் பெட்டியின் உள்பையில் அந்தக் கம்மல் பெட்டியும் இருந்தது. இத்தனை வருஷமும் வேண்டுமென்றே வைத்திருந்தாயா, அங்கே இருப்பதையே மறந்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. மறந்திருப்பாய் என்றே நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்கு வசதியாக இருக்கிறது.

கடைசியாக நீ வந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மாரடைப்பில் பம்பாயில் போய்விட்டாய். உன்னை ஊருக்கு விமானத்தில்தான் கொண்டுவந்தார்கள். அட்டை தந்த கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது, இது வேறு கம்பெனி. முன்வாசல் பக்கம் எங்களை விடவில்லை. சரக்கு இறக்குகிற ஷெட்டுக்குப் போகச் சொன்னார்கள். மோட்டார் பெட்டிகளுக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவில் காத்திருந்தோம். அன்றைக்கும் விமானம் தாமதம். அங்கே இருந்த ஊழியர் பாவம் நல்லவர். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, நேரமாகுமுங்க" என்று சுகன்யாவிடம் சொன்னார். அவள் உட்காரவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு, நீ வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. "பம்பாய்ல இருந்து வந்த பாடிக்கு யாருங்க?" என்று கேட்டார்கள். சுகன்யாதான் முன்னால் போனாள்.

"எங்க மாமனுங்க" என்றாள்.

தள்ளுவண்டியில் பெட்டியை வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். கோபத்தோடுதான் நின்றுகொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வண்டி என் முன்னால் வந்து நின்றதும், வாசலுக்கு வருகிறவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டது. அதற்கும் எனக்கு உன்மேல் கோபம்தான்.