சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய காலை

ஒலிமுகமதுபேட்டை,
காஞ்சிபுரம்.
டிசம்பர் 2021

அன்பு மகள் நிக்கத்துக்கு அம்மாவின் சலாம். இங்கே உன் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, கூடத்தில் இருமினால் அடுப்படியில் கேட்கும். உன் அண்ணன் முதஸ்ஸிர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு வேறு வழியில்லை. வீட்டில் பேசுவது உருதுவானாலும் உனக்கும் எனக்கும் எழுத வருவது தமிழ்தானே, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இந்த வருஷம் இங்கே சரியான மழை. பாலாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது, வாலாஜாபாத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. கொரோனாவில் முடங்கிக் கிடந்த கல்யாணங்கள் இப்போது வரிசையாக நடப்பதால் அப்பாவின் வாடகைப் பாத்திரக் கடையில் பிரியாணி தேக்சா ஒன்றுகூட மிச்சமில்லாமல் போகிறது. அப்பாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை, அடுத்த முறை நீயே சொல். முதஸ்ஸிர் கடைக்குப் போகிறான், திரும்பி வந்த பாத்திரங்களைத் தேய்க்கிறான், வருகிறான். சமைக்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறான். ஊரே தேடி வந்து கூப்பிட்டும் ஒரு விருந்துக்குக்கூடக் கரண்டியைத் தொடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவனிடம் சொன்னதைப் பக்கத்திலிருந்து நானும் கேட்டேன். "எத்தனை வருஷம்தான் இங்க அமெரிக்காப் பிள்ளைங்க அங்க காபூல் பக்கம் போய் சாகறது, யாருக்கும் பிடிக்காத சண்டை, போதும்னு வந்துட்டாங்க. நீயும் பத்திரமா வந்துட்டே, அல்லாவுக்கு நன்றி சொல்லிட்டு ஒரு வேலையைப் பாரு" என்றாய். அவன் போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான், நீயும் அழுதாய். உன் மேல் தப்பில்லையம்மா, உனக்குத் தெரியாது. செப்டம்பர் மாதம் வரைக்கும் எனக்கே தெரியாது.

காபூலுக்கு வெளியே அந்த அமெரிக்க ராணுவ முகாமின் சமையல் கூடத்தில் அவன் ஏழு வருஷம் இருந்தான் அல்லவா, அங்கே ஹமீதுல்லா என்று ஒருவர் அவனோடு வேலை செய்தார். அந்த ஊர்க்காரர், அவனைவிடச் சில வயது மூத்தவர், மூன்று பெண் குழந்தைகள். சின்ன வயதில் முந்தைய யுத்தத்துக்குப் பயந்து எல்லைக்கு அந்தப் பக்கம் பெஷாவரில் போய் வளர்ந்ததால் உருது பேசுவார். வெங்காயம் உரிக்க வந்தவரை உன் அண்ணன் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எல்லாம் பழக்கினான். அவனுக்கு டைபாய்டு வந்தபோது வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவர் அவர்தான். கிளம்பிய அன்று நடந்ததை இரண்டு பேர் வாயாலும் நான் கேட்டுவிட்டேன், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

அமெரிக்காக்காரர்கள் போகிறார்கள் என்ற செய்தி டிவியில் வருவதற்கு முன்பே சமையல் கூடத்துக்குத் தெரிந்துவிட்டதாம். முட்டை வருவது வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஐஸ்கிரீம் மெஷினைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சூடான சாப்பாடு ஒரு வேளையாகி, பிறகு எல்லாமே பொட்டலமாகிவிட்டது. நல்ல நல்ல வண்டிகளை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், டிவிகளைச் சுத்தியலால் உடைத்தார்கள். "யார் கைக்கும் போயிடக்கூடாதாம்மா, அதான்" என்றான். வெளிநாட்டு வேலைக்காரர்களை மட்டும் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் விமானம் இந்த நாள், உள்ளூர் ஆட்களுக்கு மூச்சு விடக்கூடாது, விட்டால் உங்களுக்கு இடம் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். விஷயம் வெளியே போனால் வழியில் தாக்குவார்கள் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் பொய்யும் இல்லை. ஆனால் ஹமீதுல்லா அதற்கு முன்பே உன் அண்ணனிடம், நீ போகும் நாள் தெரிந்தால் எனக்கு மட்டும் சொல், அதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளை ஊர்ப்பக்கம் அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். இவனும் சரி என்றிருந்தான்.

அன்று காலை ஹமீதுல்லா ஒரு துணியில் மல்பெரிப் பழம் கட்டிக்கொண்டு வந்தாராம். நம்மூரில் பட்டுக்கு இலை பறிக்கிற செடி, அங்கே பெரிய மரமாகி ஜூன் மாதத்தில் தரையெல்லாம் பழம் கொட்டுமாம். இரண்டு பேரும் தின்றுகொண்டே வேலை செய்தார்கள். கடைசியாக வந்த காய்கறியைப் போட்டு அடுப்பில் ஒரு குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நேரம் வந்ததும் இவன் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பைப் பார்த்துக்கங்க, போய்ட்டு வந்துடறேன்" என்றான். நம் வீட்டில் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்றா சொல்கிறோம், போய்ட்டு வரேன் என்றுதானே சொல்வோம், அந்த நல்ல வார்த்தை அன்றைக்குப் பொய்யாகிவிட்டது நிக்கத். கட்டியிருந்த சமையல் துணியோடேயே போய் விமானத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்டில் காபூல் விழுந்தது. எதிர்வீட்டு செல்லியம்மாள் டிவியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னாம்மா இது, ஏரோப்ளேனைப் பிடிச்சிக்கினு ஜனங்க ஓடுது, நம்ம முதஸ்ஸிரு முன்னாடியே வந்துட்டான், அது ஒண்ணு போதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் சாயங்கால அசர் தொழுகை நேரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அவனுக்குப் போன் வர ஆரம்பித்தது. பார்ப்பான், கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான். ஒரு நாள் நானே எடுத்துவிட்டேன்.

ஹமீதுல்லா முதலில் கேட்டது என்ன தெரியுமா, பையன் நல்லபடியாக வந்து சேர்ந்தானா, சாப்பிடுகிறானா என்று. அவருடைய உருது ஒரு மாதிரி, நம் ஆற்காட்டு உருது ஒரு மாதிரி, எப்படியோ ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டோம். மச்சான் வீட்டில் ஒளிந்திருப்பதாகச் சொன்னார். வேலை செய்தவர்களை அழைத்துப் போவோம் என்ற பேச்சை நம்பிக் குழந்தைகளோடு விமான நிலைய வாசலில் போய் நின்றாராம், நெரிசலில் கடைசிக் குழந்தை மிதிபட இருந்தது, திரும்பிவிட்டாராம். நான், என் பிள்ளை உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டானே என்று ஏதோ தடுமாறினேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். "எனக்குத் தெரியும் அம்மா. அன்றைக்கு அவன் புது ஷூ போட்டிருந்தான், காலையிலேயே முகம் மழித்திருந்தான். போகிறவன் கையில் கொடுக்கத்தான் பழம் கொண்டுவந்தேன். அவன் வாயால் சொல்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை அடுப்பை அணைக்கவில்லை." கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதை அவனிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. கடையில் கவிழ்த்து வைத்திருந்த தேக்சா மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "தெரியுமாமா? தெரிஞ்சுக்கினேவா என்கூட உக்காந்து தின்னாரு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டான். அப்புறம்தான் அவனாக எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கே அந்த எண்ணுக்குப் போட்டான், அடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு தினமும் போட்டுப் பார்ப்பான். அப்பா, விடுடா, நீ என்ன நாட்டுக்கு ராஜாவா, உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்பார். "ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம்பா" என்பான்.

போன மாதக் கடைசியில் பெஷாவரிலிருந்து போன் வந்தது. பெரிய பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள் என்று குடும்பத்தோடு மலைவழியாக எல்லை தாண்டி வந்துவிட்டாராம். சின்ன வயதில் அகதியாக இருந்த அதே ஊரில் மறுபடியும் அகதி, ஒரு ரொட்டிக் கடையில் தந்தூர் அடுப்பில் நிற்கிறார். உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுதுகொண்டே மாப் கேட்டான். மன்னிக்க ஒன்றும் இல்லை, உயிர் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அவர் சொன்னார். அடுப்பு வேலை எப்படி என்று இவன் கேட்க, "நல்லா இருக்குது சாஹிப்" என்றார். குழந்தைகள் எப்படி என்றான், "உங்க துஆ சாஹிப்" என்றார். ஏழு வருஷமும் அவனை முதஸ்ஸிர் பாய் என்று கூப்பிட்ட மனுஷன் நிக்கத். போன் வைத்த பிறகு உன் அண்ணன் என்னைப் பார்த்தான், கவனிச்சியாம்மா என்பது மாதிரி. நான் கவனிக்காத மாதிரி அரிசி களையப் போய்விட்டேன்.

நீ இருக்கும் நாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சண்டை முடிய வேண்டும் என்று நானும்தான் துஆ கேட்டேன். போனது தப்பு என்று ஹமீதுல்லாகூடச் சொல்லவில்லை. வந்து இருபது வருஷம் இருந்தவர்கள், கூட நின்றவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவுதான். அவர்கள் சொல்லாததால் என் பிள்ளையும் சொல்லவில்லை என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்க்கிறேன், அது நிற்கமாட்டேன் என்கிறது. இனிமேல் அவனிடம் நீ தப்பி வந்தாய், நன்றி சொல் என்று பேசாதே. குழந்தையைக் காட்டு, வேறு ஏதாவது பேசு, அவனாக வருவான்.

குழந்தைக்குக் காது குத்துவதைத் தள்ளிப்போடாதே, குளிரில் வெளியே போனால் தலையை மூடு. அல்லாஹ் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், உன் கை எப்போதும் கொடுக்கிற கையாகவே இருக்கட்டும். உங்கள் குடியிருப்புக்கு ஹமீதுல்லாவின் நாட்டிலிருந்து ஒரு குடும்பம் புதிதாக வந்திருக்கிறது, பேசுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றாயே, மறக்காமல் போய்க் கதவைத் தட்டு. வெறுங்கையோடு போகாதே, கொஞ்சம் சேமியா கிண்டி எடுத்துக்கொண்டு போ. உன் உருது அவர்களுக்குக் கொஞ்சமாவது புரியும். எங்கே, என்ன, எத்தனை பிள்ளைகள் என்று எது வேண்டுமானாலும் கேள். யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே.

துஆவுடன்,
உன் அம்மா
ஜோஹரா