நீல வெளிச்சத்தில் மகன்

கார்த்திகை 12, புதன்

விடிஞ்சதிலிருந்து மழை. வெயிலே இல்லை. பிறந்து சில நாளேயான குட்டிக்குச் செங்கமாரி கூடி, உடம்பெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் நீல லைற்றுக்குக் கீழே, கண்ணுக்கு ஒரு துணி கட்டி, நப்பியோடு மட்டும் கிடக்கிறான். துணைக்கு மாமியார், அச்சுவேலியிலிருந்து நனைஞ்சபடி வந்தவ.

"உந்த லைற் என்ன செய்யும், பிள்ளை?"

"மஞ்சளின்ரை மூலக்கூறை முறுக்கிவிடும், மாமி. பிறகு அது உடம்பை விட்டுப் போயிடும்."

"முறுக்க எவ்வளவு நேரம்?"

ஒரு செக்கனைக் கோடியாய்ப் பிரிச்சு, அதில் ஒன்றை லட்சமாய்ப் பிரிச்சால் வாற நேரம் என்றேன்.

"அப்ப ஏன் மஞ்சள் இன்னும் இறங்கேல்லை?"

ஒன்றுக்குத்தான் அவ்வளவு. இவனுக்குள்ளே எத்தனை கோடியோ.

13, வியாழன்

மழை, காற்று. சுகந்தியோடு போனில் கதைத்தேன். கம்பஸில் என்னோடு இரசாயனம் படித்தவள், இப்ப ஜெர்மனியில் ஆராய்ச்சி. ஒரு மின்னல்வெட்டு லேசரால் மூலக்கூறுகளில் இரசாயனத் தாக்கத்தைத் தொடக்கிவிட்டு, பின்னாலேயே ஒரு துளி இலத்திரன்களை அனுப்புவாளாம். அவை சிதறுகிற கோலத்தைப் பார்த்து அணுக்கள் அந்தக் கணம் எங்கே நின்றன என்று கண்டுபிடிப்பாள். கொஞ்சம் கொஞ்சம் பிந்தி அனுப்பி, கோலங்களை அடுக்கினால் படம் ஓடும்.

"இவன்ரை மஞ்சள் முறுகிறதையும் படம் பிடிச்சுக் காட்டன்."

"அடியே, அது பெரிய மூலக்கூறு. நாங்கள் இப்ப சின்னனுகளோடைதான் மல்லுக்கட்டுறம். உன்ரை மோன் கம்பஸ் வரட்டும், அவனே பிடிப்பான்."

சிரித்தேன். பிறகு அழுகை.

மத்தியானம் டொக்டர்: இறங்கவில்லை. நாளைக்கும் இப்படியென்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, இரத்தம் மாத்த வேண்டி வரலாம்.

ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து, குளிரில் கத்துகிறான் என்று மாமியின் பழைய நூல் சேலைத் துண்டால் போர்த்தினேன். பிறந்த பிள்ளைக்குப் பழஞ்சேலைதானே நாங்கள் போடுறது. நேர்ஸ் வந்தால் எடுப்பேன், போனால் போர்ப்பேன். நல்லாய் நித்திரை கொண்டான். வெளிச்சம் முழுக்கச் சேலைக்கு. உடம்பில் படாத வெளிச்சத்தால் என்ன நடக்கும்? உறிஞ்சின வெளிச்சம்தான் வேலை செய்யும் என்று பரீட்சையில் எழுதினவள் நான்.

துண்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

"ஐயோ, குளிருமே!"

"யன்னலைச் சாத்துங்கோ, மாமி."

கத்தினான். பால் நேரம் தவிரத் தூக்கவில்லை. ஒரு விரல் மட்டும் கொடுத்தேன், இறுக்கிப் பிடித்தான். மாமி ஒரு பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இவ்வளவு மறைச்சால் ஒண்டும் செய்யாதுதானே?"

"செய்யாது, மாமி."

14, வெள்ளி

தூறல். விடிய இரத்தம் எடுத்தார்கள். குத்தினதுக்கு அவனைவிட மாமி பெரிதாய்க் கத்தினா. காத்திருப்பு. நப்பி ஈரம், மஞ்சள் வெளியே போகுது, நல்லது. பாணும் சம்பலும் மாமிக்கே கொடுத்தேன்.

பத்து மணிக்குப் பிறகு டொக்டர் எட்டிப் பார்த்து, "இறங்குது அம்மா. யாழ்ப்பாணம் தேவையில்லை."

கேட்டதும் மார் சுரந்து சட்டையெல்லாம் பால்.

15, சனி

லைற்றை நிப்பாட்டிவிட்டார்கள். அவன் கண்ணில் கட்டியிருந்த துணியை நேர்ஸ் கழட்டினா. முழிச்சு, முதலில் மாமியைத்தான் பார்த்தான்.

"பாத்தியோ, என்னைத்தான்!"

பார்க்கட்டும். பசித்தால் என்னட்டைத்தான் வருவான்.