கைமாறிப் போன பழைய பிக்கப்

முதலிபாளையம்
9.8.2004

அன்புள்ள பெனிட்டாவுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். அத்தைக்கு இருமல் தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

நேற்று போனில் பேஸ் கிடார் வாசித்துக் காட்டியபோது, "ஏங்க, யாரு வாசிக்கது? உங்க கை மாதிரி இல்லியே" என்றாயே. என் கைதான். பழசின் இரைச்சல் தாங்காமல், தந்தியின் சத்தத்தை வாங்கும் பிக்கப்பைப் புதிதாக வாங்கி, அந்தச் சத்தத்தைக் கூட்டித் தரும் பிரீஆம்பும் சேர்த்து நானே ஈயம் பற்றவைத்து மாட்டினேன். விரலில் சின்னச் சூடுதான், பயப்படாதே.

கழற்றிய பழசைப் பார்த்துப் பக்கத்துக் குடோன் மகுடேஸ்வரன், "ஏனுங்க, இதைய வெச்சுட்டு என்னங்க பண்றது? தள்ளி உடுங்க" என்றார். பழுதுபட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கிறவருக்குச் சரக்கைத் தங்கவிட மனசு வருமா? அவர் பேச்சைக் கேட்டு, புதுசை வாசித்துப் பார்க்கும் முன்பே பழசை ரிப்பேர் கடையில் விற்றுவிட்டேன். திரும்பக் கேட்டால், கைமாறிவிட்டது என்கிறான் கடைக்காரன். இப்போது சத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சபையில் பாடிக்கொண்டே நீ திரும்பிப் பார்த்தாயே, அந்தச் சத்தம் இல்லை.

பீரோவில் நான் வாசித்த சபை கேசட் இருந்தால், நம்ம ஊர் முனீஸ் இங்கே வரும்போது கொடுத்துவிடு. இட்லிப் பொடியும் கொஞ்சம். லோடு வந்து நிற்கிறது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன். வாசிக்கச் சொல்லாதே, நீயே பேசு.

உன்,
தங்கதுரை